கணினி ஆளறியுமாறு

ஒருவர் தம் பெயரை இட்டுக் கணினியுட் புகமுயல்கின்றார். "அத்தகைய பயனர் இலர்" எனக் கணினி விடையிறுக்கின்றது. நேற்றுவரை அப்பெயரை அறிந்திருந்த யந்திரம் இன்று அறியேன் என்பதற்குக் காரணம் யாது? அவர் கணக்கு அழிந்ததோ? அதனை வைத்திருக்கும் ஏட்டிற்குச் செல்லும் வழி அடைபட்டதோ? அன்றி, யந்திரந்தான் வேறோர் ஏட்டைப் புரட்டிப் பார்த்து மீண்டதோ? லினக்ஸ் முதலாய யூனிக்ஸ் குடும்பத்துப் பணிசெயல் முறைமைகளைப் பயிலும் மாணவர்க்கும், அலுவலகங்களிலே அவற்றைப் பேணிவரும் பழைய மாணவர்க்கும் பயன்படுமாறு, இவ்வினாக்களுக்கு முறையாக விடை காணும் நெறியை ஈண்டுச் சுருங்க உரைக்கப் புகுகின்றாம்.

பெயரும் எண்ணும்

யூனிக்ஸ் 1969 ஆம் ஆண்டில் அமெரிக்க நாட்டுப் பெல் ஆய்வுகூடத்திலே கென் தொம்சன், டெனிஸ் ரிச்சி என்னும் அறிஞராற் தொடங்கப்பெற்றது. அதன் உட்கரு மாந்தர் பெயரை அறியாது, எண்ணையே அறியும். ஒரு கோப்பின்மேல் உடையவரின் பெயர் எழுதப்படுவதில்லை; அவர்தம் பயனர் எண்ணே எழுதப்படும். வகுப்பிலே ஆசிரியர் மாணவனைப் பெயர்சொல்லி அழைப்பினும், அலுவலகத்துச் சேர்வுப் பதிவேடு அவனைச் சேர்விலக்கத்தாலேயே அறிதல் போல்வது இது. ஒரே பெயருடைய மாணவர் இருவர் ஒரு வகுப்பில் இருத்தல் கூடும். சேர்விலக்கமோ இருவர்க்கு ஒன்றாதல் தகாது. 0 என்னும் எண் பெற்றவர் ரூட் எனப்படும் தலைமைப் பயனர் ஆவார். பெயர் யாதாயினும் அவ்வெண் உடையார்க்கு அவ்வதிகாரம் முழுவதும் உண்டென்பதை மனத்திருத்தல் வேண்டும்.

பெயரையும் எண்ணையும் இணைக்கும் மூலவேடு, ஈடீசி என்னும் அடைவிலுள்ள பாஸ்வேர்ட் கோப்பாகும். கட்டளையிடுங்கால் இவ்வாங்கிலச் சொல்லை ஓ, ஆர் என்னும் ஈரெழுத்துங் கெட எழுதுதல் யூனிக்ஸ் மரபு. அக்கோப்பிலே வரி ஒன்றுக்கு ஒருவராக, முக்காற்புள்ளியாற் பிரிக்கப்பட்ட ஏழு கூறுகள் உள. அவை பயனர் பெயர், கடவுச்சொல்லுக்குரிய இடம், பயனர் எண், முதற்குழுவின் எண், விவரக் குறிப்பு, பயனரின் சொந்த அடைவு, கட்டளை வாங்கும் செயலி என்பன. ஐந்தாவதாகிய விவரக் குறிப்பு இன்றும் ஜீகொஸ் என வழங்குகின்றது. முற்காலத்துப் பெல் ஆய்வுகூடத்தார் ஜீகொஸ் என்னும் முறைமையில் இயங்கிய வேறொரு கணினிக்கு அச்சுவேலை அனுப்புதற்கு வேண்டிய அடையாளத்தை அவ்விடத்தில் எழுதிவைத்தனர். அக்கணினி மறைந்தது, பெயர் மாத்திரம் எஞ்சிற்று. கடவுச்சொல்லின் மறையுருவமும் பிற்காலத்தில் ஷடோ என்னும் தனிக்கோப்பிற்கு மாற்றப்பட்டது. பாஸ்வேர்ட் கோப்பை எல்லாரும் படிக்கக்கூடியதாயிருத்தல் வேண்டும். ஷடோவையோ சாதாரண பயனர் எவரும் படித்தல் ஆகாது.

ஏடு பலவானமை

கணினி ஒன்றாயிருந்த காலத்து ஏடும் ஒன்றே போதியதாயிற்று. கணினிகள் பலவாகி வலையமைப்பால் இணைந்த பின்னர், ஒருவர் பெயரை ஒவ்வொரு கணினியிலும் தனித்தனி எழுதுதல் பெருந்தொல்லையாய் முடிந்தது. இதனை நீக்க 1980 களில் சன் மைக்ரோசிஸ்டம்ஸ் நிறுவனத்தார் யெல்லோ பேஜஸ் என்னும் பொதுவேட்டை வகுத்தனர். அப்பெயர் பிரித்தானியாவில் பிரிட்டிஷ் டெலிகொம் நிறுவனத்தின் வணிகக்குறியாயிருந்தமையின், என்.ஐ.எஸ். எனப் பின்னர்ப் பெயர் மாற்றினர். ஆயினும் அதற்குரிய கட்டளைகள் பழைய பெயரின் முதலெழுத்துக்களாகிய வை, பீ என்பவற்றைத் தாங்கியே நிற்கின்றன. 1993 இல் எல்டாப் என்னும் அடைவு நெறிமுறை முதன்முதல் வெளியிடப்பட்டது. யூனிக்ஸ் பயனர் விவரங்களை அதன்கண் அமைக்கும் வகை 1998 இல் வரையறுக்கப்பட்டது. 2000 ஆம் ஆண்டில் மைக்ரோசொப்ட் நிறுவனம் வின்டோஸ் 2000 உடன் அக்டிவ் டிரெக்டரியை வெளியிட்டது.

ஒரு நிறுவனத்தின் பயனரையும் கணினிகளையும் ஓரதிகாரத்தின்கீழ் அடக்கும் இத்தகைய அமைப்பினை ஆள்களம் என்பர். ஒரு கணினியின் பாஸ்வேர்ட் கோப்பில் மாத்திரம் உள்ள கணக்கு உள்ளூர்க் கணக்கு. ஆள்களத்தின் பொதுவேட்டில் உள்ளது ஆள்களக் கணக்கு. அக்டிவ் டிரெக்டரி யூனிக்ஸ் எண்ணைத் தன்னியல்பாக வழங்குவதில்லை, ஒவ்வொருவர்க்கும் எஸ்.ஐ.டி. எனப்படும் நீண்ட பாதுகாப்பு அடையாளத்தையே வழங்கும். ஆதலின், அவ்வடையாளத்தை யூனிக்ஸ் எண்ணாக்கித் தரும் இடையாள் ஒருவன் வேண்டப்படுவான். சம்பா மென்பொருளின் விண்பைண்ட், 2009 இல் தோன்றிய எஸ்.எஸ்.எஸ்.டி. ஆகியன அத்தகைய இடையாட்களாம்.

வினாவின் வரிசை

ஏடு பலவாயினமையின், எதனை முன்னும் எதனைப் பின்னும் நோக்குவது என்னும் வினா எழும். அதனை வரையறுப்பது ஈடீசி அடைவிலுள்ள என்எஸ்ஸுவிச் என்னும் சிறு கோப்பு. சன் நிறுவனத்தாரின் சொலாரிஸ் முறைமையில் வந்த இவ்வேற்பாட்டை லினக்ஸில் வழங்கும் குனு சி நூலகமும் மேற்கொண்டது. அக்கோப்பிலே பாஸ்வேர்ட் என்னும் தலைப்பின் நேரே பைல்ஸ், எஸ்எஸ்எஸ் என இரு சொற்கள் முறையே நின்றால், முதலில் உள்ளூர்க் கோப்பையும், அதிற் காணாதவிடத்து எஸ்.எஸ்.எஸ்.டி. வாயிலாக ஆள்களத்தையும் கேட்குமாறு பொருள்படும். முதலேட்டிற் பெயர் கிட்டுமாயின் தேடல் அவ்விடத்தே முடிந்துவிடும். அடுத்த ஏடு திறக்கப்படுவதேயில்லை. ஒரே பெயர் ஈரிடத்தும் இருப்பின் உள்ளூர்க் கணக்கே வெளிப்பட்டு, ஆள்களக் கணக்கு மறைந்து நிற்பது இக்காரணத்தாலாம்.

இன்மை இருவகை

ஏடு ஒவ்வொன்றும் தரக்கூடிய விடை நான்கு. "கண்டேன்" என்பது ஒன்று. "ஏட்டைப் பார்த்தேன், அப்பெயர் இல்லை" என்பது இரண்டாவது. "ஏடே எனக்குக் கிட்டவில்லை" என்பது மூன்றாவது. "இப்பொழுது இயலாது, பின்னர்க் கேள்" என்பது நான்காவது. வேறு விதி எழுதப்படாதவிடத்து, முதல் விடை கிடைத்தவுடன் தேடல் நிற்கும். ஏனைய மூன்றற்கும் அடுத்த ஏட்டிற்குச் செல்லும். ஏடுகள் முடிந்தபின் செயலி வெறுங்கையுடன் மீள்கின்றது. துன்பம் இங்கேதான் பிறக்கின்றது. இரண்டாம் விடையையும் மூன்றாம் விடையையும் பிரித்துணராது, "அத்தகைய பயனர் இலர்" என ஒரே வாக்கியத்தாற் கூறிவிடும் செயலிகள் மிகப்பல.

அளவை நூலாருள் மீமாம்சகர் ஒரு சாரார், ஒரு பொருள் காணப்படாமையைக் கொண்டு அதன் இன்மையைத் துணிதலையும் ஓர் அளவையாகக் கொண்டனர். ஆயினும், பொருள் இருந்திருப்பிற் காணப்படுதற்குரிய நிலை முற்றும் அமைந்திருந்தாலன்றி அத்துணிபு செல்லாதென வரம்பு கட்டினர். இருளறையிற் குடம் தோன்றாமை அங்கே குடம் இல்லையென்பதற்குச் சான்றாகாது. விளக்கேற்றிப் பார்த்தபின் தோன்றாமையே சான்றாம். கணினி நிருவாகி கைக்கொள்ள வேண்டிய வரம்பும் இதுவே. ஏட்டைத் திறந்து பார்த்துப் பெற்ற "இல்லை" என்பதனையும், ஏட்டை அணுகவியலாமற் பெற்ற "இல்லை" என்பதனையும் வேறுபடுத்தல் இவ்வாராய்ச்சியின் உயிர்நிலை.

ஆராயும் முறை

முதலாவது, யந்திரம் கேட்குமாறே நாமும் கேட்டல் வேண்டும். பலர் பாஸ்வேர்ட் கோப்பைத் திறந்து, பெயர் அங்கே காணப்படாமையால் கணக்கு இல்லையெனத் துணிகின்றனர். அஃது ஓரேட்டை மாத்திரம் பார்த்தலாம். கெட்எண்ட் என்னும் கட்டளையின் பின் பாஸ்வேர்ட் என்னும் சொல்லையும் தேடும் பெயரையும் இட்டால், என்எஸ்ஸுவிச் கூறும் வரிசைப்படி எல்லா ஏடுகளும் கேட்கப்படும். பெயர் கிட்டின் ஏழு கூறுடைய வரி வெளிப்படும். கிட்டாதாயின் கட்டளை 2 என்னும் முடிவெண்ணோடு வாளா ஒழியும். பெயரைக் கூறாது கெட்எண்ட் பாஸ்வேர்ட் என மாத்திரம் கேட்பின் ஆள்களத்தார் எவரும் பட்டியலில் தோன்றாமை கண்டு மயங்கற்க. பெரிய ஆள்களத்தின் பட்டியல் முழுவதையும் கொணர்தல் சுமையாதலின், எஸ்.எஸ்.எஸ்.டி., விண்பைண்ட் ஆகிய இரண்டும் இயல்பாக அதனைச் செய்வதில்லை.

இரண்டாவது, ஏடுகளைத் தனித்தனியே கேட்டல் வேண்டும். கெட்எண்ட் கட்டளையிற் சிறுகோட்டோடு எஸ் என்னும் எழுத்தை இட்டு, அதன்பின் பைல்ஸ், எஸ்எஸ்எஸ், விண்பைண்ட் என்பவற்றுள் ஒன்றைக் குறித்தால் அவ்வேடு மாத்திரம் வினவப்படும். பழுது உள்ளூரிலோ ஆள்களத்திலோ என்பது இதனால் விளங்கும்.

மூன்றாவது, தனியே கேட்டவிடத்து விடை தரும் ஏடு பொதுவாகக் கேட்டவிடத்துத் தராதாயின், என்எஸ்ஸுவிச் கோப்பை நோக்குக. ஏட்டின் பெயர் விடுபட்டிருக்கலாம், பிழையாக எழுதப்பட்டிருக்கலாம், "இல்லையெனின் நிற்க" என்னும் விதி நடுவே எழுதப்பட்டு அடுத்த ஏட்டிற்குச் செல்லும் வழியைத் தடுத்திருக்கலாம். அக்கோப்பை எல்லாரும் படிக்கும் உரிமை உளதா என்பதையும் காண்க. ரூட் மாத்திரம் படிக்குமாறு அஃது அமைந்துவிடின், ரூட் கேட்குங்கால் ஆள்களப் பயனர் தோன்றுவர். ஏனையோர் கேட்குங்கால் மறைவர். ஆகவே, சோதனையை ரூட்டாக மாத்திரம் செய்து அமைதலாகாது. சாதாரண பயனராகவும் செய்தல் வேண்டும். இன்னுமொன்று: 2021 இல் வெளிவந்த 2.33 ஆம் பதிப்பிற்கு முற்பட்ட குனு சி நூலகத்தில், இயங்கிக்கொண்டிருக்கும் செயலி இக்கோப்பை ஒருமுறையே படிக்கும். அத்தகைய கணினிகளில் கோப்பைத் திருத்தியபின் செயலியை மீளத் தொடக்கினாலன்றித் திருத்தம் பயன்தராது.

நான்காவது, ஆள்களத்து ஏடே பேசாதிருப்பின், அதற்குச் செல்லும் வழியைப் படிப்படியாக ஆராய்க. இடையாளாகிய சேவை இயங்குகின்றதா? ஆள்களத்துச் சேவையகம் எங்குளதென்பதை டி.என்.எஸ். கூறுகின்றதா? கணினியின் கடிகாரம் சரியாக உளதா? ஆள்களங்களில் அடையாளம் உறுதிசெய்யும் கெர்பெரோஸ் முறை, இரு கடிகாரங்களுக்கிடையே இயல்பாக 5 நிமிட வேறுபாட்டையே பொறுக்கும். அதனினும் மிகின் மறுத்துவிடும். ஆள்களத்திற்கும் இக்கணினிக்குமிடையேயுள்ள நம்பிக்கை உறவு முறிந்ததா? விண்பைண்ட் உடையார் டபிள்யூபி-இன்போ கட்டளையைச் சிறுகோட்டோடு கூடிய டி எழுத்துடன் வழங்கியும், எஸ்.எஸ்.எஸ்.டி. உடையார் எஸ்எஸ்எஸ்-கண்ட்ரோல் கருவியால் ஆள்களத்தின் நிலையை வினவியும் வழி திறந்துளதா என்பதை அறியலாம்.

ஐந்தாவது, பெயரின் வடிவத்தை நோக்குக. சில அமைப்புக்களிலே கணேசன் எனக் கேட்பின் விடை வாராது. ஆள்களப் பெயரையும் சேர்த்து முழுப்பெயராகக் கேட்டல் வேண்டும். இது பழுதன்று, அமைப்பின் இயல்பு.

ஆறாவது, பெயர் கிட்டியும் உட்புக இயலாதாயின், அதனைப் பெயர்தேடலின் பழுதெனக் கொள்ளற்க. ஆளை அறிதல் வேறு; அவர் மெய்யாக அவரேயென உறுதிசெய்தல் வேறு; உறுதிப்பட்டவரை உள்ளே விடுதல் வேறு. பின்னைய இரண்டும் பாம் என்னும் பிறிதோர் ஏற்பாட்டின் பாற்படும்.

மாக் கணினிகளும் யூனிக்ஸ் வழிவந்தனவே. ஆயினும் அவற்றின் பாஸ்வேர்ட் கோப்பு, தனிப்பயனர் நிலையிலன்றி நோக்கப்படுவதில்லை. அங்கே பயனர் விவரம் ஒப்பன் டிரெக்டரியிலுள்ளது. ஆதலின், அவற்றில் அதற்குரிய கருவிகளால் வினவுதலே முறை.

பதுக்கிய விடை

ஒவ்வொரு முறையும் ஆள்களத்தைக் கேட்பின் காலம் வீணாமாதலின், பெற்ற விடையை இடையாட்கள் சிலகாலம் பதுக்கி வைப்பர். எஸ்.எஸ்.எஸ்.டி. கண்ட விடையை இயல்பாக 5,400 வினாடி, அஃதாவது ஒன்றரை மணி நேரம் வைத்திருக்கும். இல்லையென்னும் விடையை 15 வினாடி வைத்திருக்கும். ஆகவே, ஆள்களத்திற் கணக்கைத் திருத்திய உடனே கணினியிற் பழைய விவரம் தோன்றுவது வியப்பன்று. எஸ்எஸ்எஸ்-காஷ் என்னும் கட்டளை பதுக்கிய விடை காலாவதியாயிற்றெனக் குறிக்கும். அடுத்த வினாவிலே ஆள்களம் புதிதாகக் கேட்கப்படும். பதுக்ககத்துக் கோப்புக்களையே அழித்துவிடுதல் வேறு. ஆள்களம் எட்டாதிருக்கும் வேளையில் அவற்றை அழிப்பின், பதுக்கிய அடையாளத்தைக் கொண்டு அதுகாறும் உட்புகுந்து வந்தாரும் வெளியே நிற்க நேரிடும்.

குழுவிற் புதிதாகச் சேர்க்கப்பட்டவர் தமக்கு உரிமை கிடைக்கவில்லை என்று முறையிடுதலும் நாடோறும் நிகழ்வது. ஐடி என்னும் கட்டளையைப் பெயரோடு இடின் ஏட்டிலுள்ள குழுக்கள் தோன்றும். பெயரின்றி இடின் இப்பொழுது நடைபெறும் அமர்விற்குரிய குழுக்கள் தோன்றும். அமர்வின் குழுக்கள் உட்புகும்பொழுதே வரையறுக்கப்படுவன. இரண்டும் வேறுபடின், அவர் வெளியேறி மீளப் புகுதலே மருந்து.

அவசரப் பரிகாரத்தின் கேடு

இதுகாறும் கூறியவற்றை அறியாதார் மேற்கொள்ளும் பரிகாரம் ஒன்றுண்டு. கணேசன் என்னும் ஆள்களப் பயனர் கிடைக்கவில்லை எனக் கண்டவுடன், அதே பெயரால் உள்ளூர்க் கணக்கொன்றைப் படைத்துவிடுகின்றனர். அன்றைய வேலை நடந்தேறும். ஆயின் விளைவு யாது? எஸ்.எஸ்.எஸ்.டி. தன் இயல்பான கணக்கின்படி, ஆள்களத்திற்கு 2,00,000 எண்கள் கொண்ட ஒரு கூற்றினை ஒதுக்கி, எஸ்.ஐ.டி. அடையாளத்தின் இறுதியெண்ணை அக்கூற்றின் தொடக்கத்தோடு கூட்டும். கூறு 6,00,000 இல் தொடங்க, இறுதியெண் 1,104 ஆயின், கணேசனின் பயனர் எண் 6,01,104 ஆகும். புதிதாகப் படைத்த உள்ளூர்க் கணக்கின் எண்ணோ 1,005 போன்ற சிற்றெண்ணாய் அமையும். ஆள்களம் மீண்டும் பேசத் தொடங்கினும் உள்ளூர்க் கணக்கே முன்னிற்கும். கணேசனின் பழைய கோப்புக்கள் 6,01,104 என்பவர்க்கு உரியன. இன்று கணேசன் என்பார் 1,005. தம் கோப்பைத் தாமே திறக்க இயலாது அவர் திகைப்பார். ஆள்களத்திலே அவர் கணக்கு நிறுத்தப்பட்ட பின்னரும் இக்கணினியிலுள்ள உள்ளூர்க் கணக்குத் திறந்தே கிடக்கும். சிறு பழுதொன்று பெரும்பழுது இரண்டாய் விரிந்தமை காண்க.

எண்ணை மறுமுறை வழங்குதலும் இத்தகைய கேடே. பணிவிட்டு நீங்கிய ஒருவரின் கணக்கை அழித்து, அவர்தம் எண்ணைப் புதிதாக வந்தவர்க்கு அளிப்பின், அழிக்கப்படாது கிடந்த பழையவரின் கோப்புக்களெல்லாம் புதியவரின் உடைமையாய்விடும். கணக்கை அழிக்குமுன் அவ்வெண்ணுக்குரிய கோப்புக்களைத் தேடி ஒழுங்கு செய்தல் வேண்டும். பெயரற்ற எண்ணுக்குரியனவாய் முன்னரே எஞ்சிய கோப்புக்களைப் பைண்ட் கட்டளையோடு நோயூசர் என்னும் சொல்லைச் சேர்த்துக் கண்டுபிடிக்கலாம். எல்எஸ் கட்டளை கோப்பின் உடையவர் பெயருக்குப் பதிலாக வெறும் எண்ணைக் காட்டுமாயின், அவ்வெண்ணுக்குப் பெயர் கூறவல்ல ஏடொன்று அழிந்தது அல்லது எட்டவில்லை என்பதே பொருள். அவ்வெண்ணை உடனே மாற்றாது, முதலிற் குறித்துக்கொள்க. உண்மையுடையவரைக் காட்டும் சுவடு அதுவே.

இனித் தொகுத்துக் கூறுவாம். யந்திரம் கேட்குமாறு கேட்க, ஏடுகளைத் தனித்தனி கேட்க, வரிசையை நோக்குக, வழியை ஆராய்க, பதுக்கிய விடையை நீக்கி மறுபடியும் கேட்க. இவை யாவும் முடிந்தபின்னரே "இல்லை" என்பதை நம்புக. அதன் பின்னரே கணக்கைப் படைத்தலையோ அழித்தலையோ கருதுக. இவ்வாராய்ச்சிக்கு ஏறத்தாழ அரைமணி நேரம் செல்லலாம். அவசரத்தாற் கலந்த எண்களைப் பிரித்தெடுக்க நாட்கள் பல செல்லும். ஒருவர் பெயரும் உடைமையும் தம் கையில் ஒப்படைக்கப்பட்டன என்னும் பொறுப்புணர்ச்சியோடு இத்துறையிற் புகும் எம் இளைய மாணவர், அறியப்படாததை இல்லாததென்று உரையாத நாவினராய் விளங்குவாராக.